இருபது நிமிடம்

மல்லாவி ஆஸ்பத்திரி. இரவு பதினொன்று பத்து.
கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம்.
பிளாஸ்ரிக் ஆகாது. சவர்க்காரம் பட்ட குழாயும் ஆகாது.
அசைக்கக் கூடாது.
இருபது நிமிடம் விட்டுச் சரித்துப் பார்க்க வேண்டும்:
உறைந்திருந்தால் ஒரு வழி,
ஓடினால் இன்னொரு வழி.

கடிபட்டவன் பெயர் குகேந்திரன்.
பன்றிக் காவலுக்குப் போன இடத்தில்
வரம்பென்று நினைத்துக் கால் வைத்தானாம்.
பாம்பையும் யூரியாப் பையில் கொண்டுவந்திருக்கிறார்கள்,
தலையை மண்வெட்டியால் கூழாக்கி.
"முத்திரைப் புடையன் மிஸ்" என்கிறான் தம்பிக்காரன்.
"சும்மா இரு, அது கோழிப்புடையன்" என்கிறார் ஓட்டோக்காரர்.
முன்னதற்கு மருந்து குளிர்ப்பெட்டியில் இருக்கிறது.
பின்னதற்கு இல்லை.
பையின் வாயைக் கட்டி வாசலுக்கு வெளியே வைக்கிறேன்.

ஆறாம் கட்டிலில் சேலைன் முடிகிறது. மாற்றுகிறேன்.
மூன்றாம் கட்டிலுக்குச் சீனி பார்க்கிறேன்,
முந்நூற்றுப் பதினெட்டு,
தலையணைக்குக் கீழே லெமன் பப் பக்கற்.
"பேரன் வச்சிட்டுப் போனவன்" என்கிறா.
பேரன் வந்து பத்து நாளாகிறது.

எட்டாம் கட்டில் ஐயா
காலையில் யாழ்ப்பாணத்துக்கு, ஸ்கானுக்கு.
படிவம் இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
"உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா ஐயா?"
"எத்தினை எண்டு கேளும்."
மூன்று என்கிறார். கொஞ்சம் யோசித்து, நாலு.
ஆம், இல்லை என்று இரண்டே பெட்டிகள்.
எண்ணிக்கைக்கு இடம் விடவில்லை அச்சடித்தவர்கள்.
ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன்:
இடது தோள், முதுகு, தொடை.
நாலாவது எங்கே என்று அவருக்கும் தெரியாது.

என்னிடம் ஒன்றுதான். வலது குதிக்கால் பக்கம்.
நைட் டியூட்டி நாளில்
அதுவும் ஓவர்டைம் கேட்கும்.

பதினொன்று பத்தொன்பது. போன்.
ஐயன்கன்குளம் மருத்துவமாது லோகதர்சினி,
காற்றுக்குள் பேசுவது போல:
"அக்கா, ஆனை ரோட்டில நிக்குது.
லைற்றை அணைச்சிட்டு நிக்கிறம்.
குத்து அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வருது.
ரெண்டாவது பிள்ளை."
ஆம்புலன்ஸ் சாரதியின் மூச்சும் கேட்கிறது.
யானைக்கு என்ன அவசரம்.

சந்தமாலிக்குச் சொல்கிறேன், கட்டிலை விரிக்கிறாள்.
குருநாகலில் இருந்து வந்து எட்டு மாதம்.
அவள் படித்த முதல் தமிழ்ச் சொல் 'முக்கு'.
இரண்டாவது 'முக்காதே'.
பிள்ளை பிறக்க இவ்வளவும் காணும் என்கிறாள்,
அதையும் பாதி சிங்களத்தில்.

குகேந்திரனின் மனைவி சுகிர்தமலர்
குழாயையே பார்த்தபடி.
"ஏன் மிஸ் ஒண்டும் செய்யாமல் வச்சிருக்கிறியள்?"
என்ன சொல்ல?
பத்து நிமிடத்தில் திறந்து பார்த்தால்
சோறும் வேகாது என்று சொல்லலாம்.
சொல்லவில்லை.
அவன் முரசைக் கிள்ளிப் பார்க்கிறேன் டோர்ச் அடித்து,
இமையைத் தூக்கச் சொல்கிறேன்,
வீங்கின கால் விளிம்பில் பேனையால் கோடு போடுகிறேன்.
முன்பு போட்ட கோட்டை வீக்கம் தாண்டியிருக்கிறது.
அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

மகனின் மெசேஜ், ஒன்பதரைக்கு வந்தது:
வெள்ளை மேஸ் எங்க?
அலுமாரி, இரண்டாம் தட்டு.

பதினொன்று முப்பது.
குழாயை இரண்டு விரலால் எடுக்கிறேன்.
தம்பிக்காரன் எழும்புகிறான். ஓட்டோக்காரரும்.
சரிக்கிறேன்.

ஓடுகிறது,
தேத்தண்ணி மாதிரி, ஒரு கட்டியும் இல்லாமல்.

டொக்டர் ஒரே சொல்: "குடுங்கோ."
பத்துக் குப்பி. ஒவ்வொன்றுக்கும் பத்து மில்லி.
குலுக்கினால் நுரைக்கும்,
உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும்,
கொழுக்கட்டைக்கு மா உருட்டுகிற பதத்தில்.
அட்ரினலின் ஊசியை இழுத்துப் பக்கத்தில் வைக்கிறேன்,
தேவைப்படக்கூடாது என்று.
நாலு. ஐந்து. சுகிர்தமலர் வாய்க்குள் எண்ணுகிறாள்.
ஆறாவதில் நானும் அவளும் ஒரே எண்ணில் இருக்கிறோம்.

அடுத்த குழாய் காலை ஆறு மணிக்கு.
ஏழே காலுக்கு என் பஸ்.

பிரசவ அறைப் பக்கம் சந்தமாலி கத்துகிறாள்,
"முக்காதே! முக்காதே!"
யானை விலகியிருக்க வேண்டும்.