எந்த ரூட்டில?

பத்திரிகையில் படம் வந்த அன்று
டிப்போவில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்:
‘பாலையூற்றுப் பெட்டை கண்டக்டராம்,
அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய படம்?
எந்த ரூட்டில?’

எமில்டா சவிரிமுத்து, வயது இருபத்தெட்டு.
பின்லாந்தில் மூன்று வருடம் படித்தவள்.
செப்டம்பரில் டென்மார்க்கில் ஒரு நகரம்
தன் வாத்தியக் குழுவை அவள் கையில் தருகிறது.
தூய தமிழில் எழுதிப் பார்த்தேன்.
நடத்துநர் என்றுதான் வந்தது.
எனக்கும் அதே சொல்தான்,
பதினெட்டு வருடமாக, கொழும்பு பஸ்ஸில்.

போவதற்கு முன் ஊரில் ஒரு கச்சேரி வைக்க நின்றாள்.
ஆள் போதவில்லை.
கோயில் வயலின்கள் ஏழு,
மூதூரிலிருந்து ஓட்டோவில் ஒரு செலோ,
கழுத்தை வெளியே நீட்டியபடி.
கடற்படை வாத்தியக் குழு நான்கு ட்ரொம்போன் தந்தது.
எனக்கு முக்கோணி.
வளைத்த கம்பி ஒன்று, கட்டித் தூக்க ஒரு நூல்.
நூற்றுப் பன்னிரண்டு பார் சும்மா இருந்து
நூற்றுப் பதின்மூன்றில் ஒரே ஒரு தட்டு.
‘மணி அடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்,’ என்றாள்,
சிரிக்காமல்.

உவர்மலையில் ஒரு பள்ளி மண்டபம்.
யன்னலில் மான் வந்து நின்று
ஓபோக்காரனின் பாண் துண்டையே பார்க்கும்.
கோதுமைக் கப்பல் துறைமுகத்தில் ஊதும்.
கையைக் காற்றில் நிறுத்துவாள்:
‘அது பி ஃபிளாட். அவன் சரியாத்தான் ஊதுறான்.
நாங்கதான் இறங்கிப்போனம்.’

அவள் கை உயர்ந்தால்
நாற்பத்தாறு பேர் மூச்சைப் பிடிக்கிறோம்.
முதல் நாள் எனக்கு வயிறு பிசைந்தது.
இந்த ஊரில் ஒரு கை அப்படி உயர்ந்தால்
பஸ் முழுக்க இறங்கி நடந்த காலம் ஒன்றிருந்தது,
அடையாள அட்டையை வாயில் கவ்வி,
பிள்ளை ஒரு கையில், பை ஒரு கையில்.
பத்து வயதில் அந்த வரிசையில் அவளும் நின்றிருப்பாள்.
நான் கேட்கவில்லை.
இப்போது நான்கு சீருடைக்காரர்
அவள் விரல் நுனியைப் பார்த்தபடி
கன்னம் உப்பக் காத்திருக்கிறார்கள்.
‘மெதுவா,’ என்கிறாள் சிங்களத்தில்,
‘பக்கத்து வீட்டில குழந்தை நித்திரை.’
‘ஓவ் மிஸ்,’ என்கிறார் ஜயலத்,
குழந்தை தன்னுடையதுபோல.

கச்சேரி இரவு மழை.
நகர மண்டபக் கூரையில் அது வேறொரு தாளம் பிடித்தது.
அறுபதாவது பாருக்குப் பிறகு எண்ணிக்கை வழுவிற்று.
பயத்தில் தட்டினேன்,
ஒரு பார் முந்தி.
கோப்பையில் கரண்டி பட்டதுபோல்
அந்தச் சின்னச் சத்தம் தனியே நின்றது.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
இடது கை மட்டும்
ஒரு கதவைத் திறப்பதுபோல் அசைய,
வயலின்கள் என் பிழைக்குள் ஏறின,
பிறகு செலோ, பிறகு ட்ரொம்போன்கள்,
ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வதுபோல்
ஒவ்வொன்றாக.
முன்வரிசையில் ஆண்டகை கண்ணை மூடித் தலையாட்டினார்.
ஒருவருக்கும் தெரியாது.

திங்கள் விடிய நாலே முக்கால்.
சூட்கேஸோடு என் பஸ்ஸில் ஏறினாள்.
குருநாகல் ஒன்று. ஆயிரம் ரூபாத் தாள்.
மிச்சத்தில் கொஞ்சம் சில்லறை இல்லை,
டிக்கெட்டின் பின்பக்கம் அறுபது என்று எழுதிக் கொடுத்தேன்.
‘அந்த மணி...’ என்று தொடங்கினேன்.
‘ஹபரணை வரைக்கும் நித்திரை கொள்ளப்போறன்.’
கன்னியா தாண்டுமுன்பே வாய் திறந்து தூங்கிவிட்டாள்.
மடியில் அந்தக் கைகள் இரண்டும்
வேலையில்லாமல் கிடந்தன, பஸ் குலுக்கிய பக்கமெல்லாம்
தாளம் தப்பி ஆடிக்கொண்டு.

குருநாகலில் மிச்சத்தை மறந்து இறங்கிப்போனாள்.
நான் கவனித்தபோது பஸ் நகர்ந்துவிட்டது.
சனத்துக்குள் ஒரு கை உயர்ந்தது,
எனக்கா,
நீர்கொழும்பு பஸ்ஸுக்கா, தெரியவில்லை.
இரண்டு தரம் மணி அடித்தேன்.

மறுநாள் இரவு டிப்போவில் காசு எண்ணினால்
கணக்குக்கு மேல் அறுபது ரூபா.
காசாளர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
‘இது ஆரிட?’
‘கண்டக்டரிட,’ என்றேன்.
என் பக்கம் தள்ளிவிட்டார்.