கண் பொத்தான்

ரிட்சி தெருவில் இரண்டாம் மாடி.
விசிறி சுற்றும், காற்று கீழேயே நின்றுவிடும்.
கீபோர்டில் காபி கொட்டிவிட்டதென்று
கொரட்டூர் எத்திராஜுலு விட்டுப்போன லேப்டாப்.
திறக்கும் நாலு எண்ணை
நான் கேட்குமுன்பே பில்லின் பின்னால் எழுதித் தந்தார்.
"உன்கிட்ட என்னப்பா ஒளிவு மறைவு."

புதுக் கீபோர்டு மாட்டி
எழுத்து விழுகிறதா என்று பார்க்க
பிரவுசரைத் திறந்தேன்.
என் வேலை அவ்வளவுதான்.
விரல் அதற்கு மேலும் போனது.
உள்ளே போகவும் அதே நாலு எண்தான்,
வாசல் சாவியே பீரோவுக்கும்.
வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்,
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கண்.
கண்ணைத் தொட்டால் புள்ளி எழுத்தாகும்.

வங்கிக்கு வனமாலா1961.
கரண்ட் பில்லுக்கும் வனமாலா1961.
ரயிலுக்கு மட்டும் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.
அப்புறம், வரன் பார்க்கும் தளம் ஒன்று,
போன மாதம் சேமித்தது:
இனியாவது67.

மூடினேன்,
திரையில் இருந்த கண்ணை.

அன்று இரவு
சிந்தாதிரிப்பேட்டையில் ஏறி வேளச்சேரி வருவதற்குள்
பிரவுசரில் கிடந்த என்னுடையவை எல்லாவற்றையும்
தனிப் பெட்டகச் செயலிக்கு மாற்றினேன்.
எல்லாவற்றுக்கும் ஒரே நெடுஞ்சொல்,
ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து வார்த்தை.
மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது
என்று எழுதியிருந்தது.
பிடித்திருந்தது. வயிற்றைக் கலக்கவும் செய்தது.
"பைக்ல போறவன் நீ,
ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நான் எதைத் திறக்கறது?"
என்றாள் யாழினி.
ஐந்து வார்த்தையும் இப்போது
ரேஷன் கார்டு உறைக்குள்.

மறுநாள் வந்தார். சட்டை இஸ்திரி கலையவில்லை.
"பாஸ்வேர்டெல்லாம் அப்படியே இருக்கில்ல?"
"இருக்கு சார். ஆனா
அதுக்குன்னு தனியா பெட்டி இருக்கு,
போட்டுத் தரவா?"
"அந்த ஒரு சாவி தொலைஞ்சா
மொத்தமும் போச்சுல்ல? வேணாம்பா."
"அந்த நாலு நம்பரையாவது மாத்துங்க."
"ஏன்?"

கீழே யாரோ டெம்பர் கிளாஸ் ஐம்பது ரூபாய்
என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.
"சும்மாதான் சார்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.
லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
நான் ஜன்னலைப் பார்த்து நின்றேன்,
கழுத்து வலிக்க.

ஒவ்வொரு எண்ணாக,
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே
மாற்றினார்.