ஐந்தாவது கட்டம்

கட்டோவிட்சே மருத்துவமனைத் தாழ்வாரத்தில்
முப்பது மீட்டருக்கு மஞ்சள் நாடா.
ஆறு நிமிடம் போய்த் திரும்ப வேண்டும்.
பேசாமல் நடங்கள் என்கிறாள் கிங்கா.
பேச மூச்சிருந்தால்
நான் ஏன் இங்கே வருகிறேன்.

இருநூற்று நாற்பது மீட்டர்.
விரலைக் கவ்விய கருவி எண்பத்தாறு என்றது.
எனக்கு முன்னால் போன ரிஷார்ட்
நானூற்றுப் பத்து.

பிறகு படிவம்:
உங்கள் உடல் இயங்கும் விதத்தில்
எவ்வளவு திருப்தி?
ஐந்து கட்டங்கள்.
ரிஷார்ட் முதல் கட்டத்தில் போட்ட பெருக்கல் குறி
தாளைக் கிழித்துவிட்டது.
சுரங்க அணியின் கோல்கீப்பர் அவன்,
தூக்கத்தில் இன்னும் இடப்பக்கம் பாய்கிறானாம்.

நான் ஐந்தாவதில் போட்டேன்.
கிங்கா பேனாவால் தட்டினாள்.
"தலைகீழாகப் படித்துவிட்டீர்களா, அலோய்ஸ்?
ஒன்றுதான் மோசம்."

இன்று காலை இடது ஷூவின் கயிற்றைக் கட்டினேன்.
கெட்டிலில் நீர் கொதிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு வலது.
ட்ரூடா குனிந்து உதவவில்லை.
உதவாமலிருக்க அவள் பட்ட பாடு
ஜன்னலைப் பார்த்து நின்ற
அவள் முதுகில் தெரிந்தது.

புறாக்கள் பரணில்.
ஏணிக்குப் பதினேழு படி.
பிப்ரவரியில் நாலோடு நின்றேன்,
மேலே அவை குமுறுவதைக் கேட்டுக்கொண்டு.
இப்போது பதிமூன்று.
பதிமூன்றில் நின்றால் தலை மட்டும் உள்ளே போகும்.
போதும், புறாக்களுக்குப் பழக்கம்
என் தலைதான்.
பட்டாணியை நீளக் கரண்டியால் தள்ளிவிடுகிறேன்.

சீட்டியடிக்க முடியவில்லை.
தகர டப்பாவைக் குலுக்கித்தான்
வானத்திலிருந்து அவற்றை இறக்குகிறேன்.
சீட்டிக்கென்று தனியாக ஒரு கேள்வி இருந்திருந்தால்
நானும் தாளைக் கிழித்திருப்பேன்.

இதையெல்லாம் சொல்ல
எவ்வளவு காற்று வேண்டும்!
"சரியாகத்தான் படித்தேன்" என்றேன்.
அதற்கே இருமல் வந்தது.

டிராம் நிறுத்தத்துக்கு ரிஷார்ட் கூட வந்தான்.
விறுவிறுவென்று முன்னே போவான்,
யாரையோ திட்டிக்கொண்டே திரும்பி வருவான்.
நான் வழக்கம்போல
கல்யாண உடைக் கடை முன்னால் நின்றேன்.
இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு ஒருமுறை
எனக்கு ஏதாவதொரு கண்ணாடி வேண்டும்.
எழுபத்தொரு வயதில் இந்த ஊரில்
மணப்பெண் கவுன்களை
என்னளவு ஆராய்ந்தவன் கிடையாது.
விற்பனைப் பெண் கையசைத்தாள்.

ரிஷார்ட் பக்கத்தில் வந்து நின்றான்.
அவன் நெஞ்சும் விசிலடித்தது.
கொஞ்ச நேரம் இருவரும் பார்த்தோம்.
"அந்த நீளக் கை வைத்ததா?" என்றான்.
"தோள்பட்டையில் பிடிக்கும்" என்றேன்.

டிராம் போய்விட்டது.
அடுத்தது பன்னிரண்டு நிமிடத்தில்.