கம்பம் எண்ணுதல்

ஆறு மணிக்கு வெடிக்க வேண்டிய துப்பாக்கி
எட்டே காலுக்கு வெடித்தது.
சிறப்பு விருந்தினருக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம்.
அதுவரை அழகியபாண்டியபுரம் முக்கில்
நூற்றுப் பன்னிரண்டு பேர்
குனிந்தோம், நிமிர்ந்தோம், வாழைப்பழம் தின்றோம்,
வெயில் ஏறுவதைப் பார்த்து நின்றோம்.

பங்குனிக் கடைசி. இலை அசையவில்லை.
ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலையாவது சுற்றுமா, தெரியாது.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. லைன்மேன்.
கிலோமீட்டர் பலகையை நான் நம்புவதில்லை,
நேற்று ராத்திரி யாரோ பைக்கில் போய் நட்டது.
என் கணக்கு கம்பம்.
தடிக்காரன்கோணம் வரை நூற்று முப்பத்தாறு.
ஓகி அடித்த வருடம்
அதில் பாதியை நாங்கள்தான் நிமிர்த்தினோம்.
எதன் அடியில் பாறை, எதன் அடியில் சேறு
என்று இன்றும் சொல்வேன்.

நாற்பதாவது கம்பத்தில்
கல்லூரிப் பையன்கள் கண்ணைவிட்டு மறைந்தார்கள்.
நூறாவதில் பனியன் தோலானது.
தடிக்காரன்கோணம் கழிந்ததும்
சாலை எழுந்து முகத்துக்கு நேரே நின்றது.

ரப்பர் நிழலை நம்பி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை:
அது நிழல் இல்லை, மூடி.
உள்ளே ஒட்டுப்பால் நாற்றத்தோடு
நாம் வேகிறோம்.

பத்துக் கம்பம் ஓடு, ஒன்று நட.
மூன்று ஓடு, ஒன்று நட.
அப்புறம் கணக்கு தலைகீழானது.
ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன்.
பத்தொன்பது வருடம் ஏறியவன்
தரையில் நின்றபடி இடுப்புக் கயிறு தேடினேன்.

மற்றவர்களுக்குக் கைதட்டினார்கள்.
என்னைப் பார்த்ததும்
வேலிக்குள்ளிருந்து ஒரு குரல்:
“அண்ணா, கரண்டு எப்ப வரும்?”
அடுத்த வளைவில் டீக்கடை:
“ராத்திரி போனது, ஓடிக்கிட்டே இருந்தா எப்படி?”
ஒரு சின்னப் பையன்
பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓடிவந்து கேட்டான்.
பதில் சொல்ல மூச்சு இல்லை.

கீரிப்பாறை திரும்புமிடத்துக்கு ஏழு கம்பம் முன்னால்
நானே பார்த்தேன்:
கம்பி மேல் சாய்ந்த அயனிக் கொம்பு,
அறுந்து தொங்கும் ஜம்பர்.

பால் வாளியோடு குளோரிபாய் வந்துகொண்டிருந்தாள்,
முழங்கை வரை வெள்ளை.
“வெள்ளம் வேணுமா?” என்றாள்.
போன் வேணும் என்றேன்.
கையைப் பாவாடையில் துடைத்து எடுத்துத் தந்தாள்.
ஜெகனுக்கு நம்பர் ஞாபகத்திலிருந்து அடித்தேன்.
கம்பத்தின் நம்பரைச் சொன்னேன்.
“நீங்க எங்க நிக்கேரு?” என்றான்.
நிக்கலடா, ஓடுறேன்.
அது பொய்.
அப்புறம் அவள் தந்த வெள்ளத்தைக் குடித்தேன்.
அவள் கையின் ரப்பர் பால் வாசம் அதிலும் இருந்தது.

இறக்கம் இன்னும் மோசம்.
கால் நகம் இரண்டு ஷூவின் மூக்கில் இடிக்கிறது,
தொடை தனியாகத் துடிக்கிறது,
உருகிய தார் அடியில் பிடித்துப் பிடித்து விடுகிறது.
எதிரே பைக்கில் ஏணியைப் பிடித்தபடி
இரண்டு பேர் ஏறி வந்தார்கள்.
ஜெகன் வேகத்தைக் குறைக்காமல் கத்தினான்:
“அண்ணா, கரண்டு எப்ப வரும்?”
சிரித்ததில் விலாவில் பிடித்துக்கொண்டது.
அந்த வளைவு முழுக்க
ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினேன்,
புயலுக்கு மறுநாள் கம்பம் மாதிரி.

முக்கில் காற்றடைத்த வளைவை
மடித்துக்கொண்டிருந்தார்கள்.
மைக்காரர் வயரைச் சுற்றியபடி
வாயாலேயே என் நம்பரைச் சொன்னார்.
தொண்ணூற்று எட்டாவது.
மூன்று மணி ஆறு நிமிடம்.

அதில் போன் பேசிய நாலு நிமிடத்தை
வாரியத்தில் எழுதிக் கேட்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்,
நடைபாதையில் மல்லாந்து படுத்து,
மேலே கம்பியில் ஒரு மைனா.