வயிற்றுப் பக்கம்

தலையணை உறைக்குள் விட்டு முடிச்சிட்டு,
உறையைத் துளை போட்ட டப்பாவில் அடக்கி,
டப்பாவை மடியில் வைத்தபடி
நாகலூரிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில் மிளகு மூட்டை.
"உள்ள என்னங்க, பலகாரமா?"
ஆமாம் என்றேன்.
அதன் பெயர் தட்டுவடை.
ஆகவே முழுப்பொய் இல்லை.

கோரிமேட்டில் குடியிருந்தபோது
மே மாதக் காற்று அதன் சட்டையைக்
கந்தலாக்கியது.
கண்ணில் நீலம் படர்ந்து, தெளிந்து,
பிறகு சில நாளில்
காலுறைபோல் முழுசாய்க் கழல வேண்டியது
வெங்காயச் சருகாய் ஒட்டிக்கொண்டது.
வாலில் ஒரு வளையம் மோதிரமாய் இறுகி
நுனி கறுக்கத் தொடங்கியது.
இடது கண்மேல் பழைய தோல் அப்படியே.
நகத்தால் பெயர்க்கப் போன என் கையைத்
தட்டிவிட்டார் டாக்டர் மெர்லின் ஜெபசெல்வி.
"பிய்ச்சா கண்ணும் போயிடும்."
வெதுவெதுப்பாய் நனைத்த துண்டுக்குள்
அரைமணி நேரம் விடச் சொன்னார்.
தானே உரசித் தானே கழற்றியது.

அன்று நான் கற்றுக்கொண்டது ஒரே சொல்: ஈரம்.

எஸ்டேட்டில் கணக்கு வேலை கிடைத்து மலையேறியபோது
அதை மட்டும் மறக்காமல் கொண்டுபோனேன்.
ஜன்னல் திறந்தால்
மேகம் கேட்காமல் உள்ளே வரும் வீடு.
துவைத்த துணி மூன்று நாள் காயாது.
அந்த வீட்டில்
காலையும் மாலையும் தேங்காய்நார்த் தூளுக்குத்
தண்ணீர் தெளித்தேன்.
சட்டை முழுசாய்க் கழன்றது.
படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.
முதுகைத்தான்.
எப்போதும் முதுகைத்தான்.

பால் பைத்தான் என்று காதில் விழுந்து
எதிர்வீட்டு ரோசலின் டம்ளரில் பால் கொண்டுவந்தார்.
பால்னா பந்துங்க, பயந்தா பந்தாச் சுருண்டுக்கும்
என்று சொல்லிவிட்டு
பாலை நான் குடித்தேன்.
"என்னமோ புளிச்ச வாடை வருதே தம்பி" என்றார் போகும்போது.
பால் திரிந்திருக்கும் என்று
சட்டை செய்யவில்லை.

நேற்று ராத்திரி அது கண்ணாடியில் சாய்ந்து
எழுந்து நின்றது.
வயிற்றைப் பார்த்தேன்.
வெள்ளைச் செதில்களில்
டீ சிந்திய தாளின் பழுப்பு,
ஓரங்களில் சிவப்பு,
நீர் கோத்து ஐந்தாறு கொப்புளம்.
நான் தெளித்த அக்கறையின்மேல் ஊர்ந்து ஊர்ந்தே
புண்ணாகியிருந்தது.

அஸ்தம்பட்டியில் டாக்டர் முதலில் கேட்டது:
"மிளகு மாதிரி கறுப்புப் புள்ளி பாத்தீங்களா?
செதில் இடுக்குல, கண்ணோரத்துல, தண்ணிக் கிண்ணத்துல?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
டப்பா மூடியில் ஒன்று.
இடுக்கியால் எடுத்தார், நசுக்கினார், முகர்ந்தார்.
"இது மிளகேதான்."
காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தேன்.

நார்த்தூளை எல்லாம் கொட்டிவிட வேண்டும்.
பழைய பேப்பர் விரித்து, நனைந்தால் உடனே மாற்றி,
சூட்டுப் பாயை அணையாமல் பார்த்துக்கொண்டு,
பால் விடாத டீயின் நிறத்தில் அயோடின் கரைத்து,
கொப்புளத்தை உடைக்காமல் ஒற்றி.
பிறகு களிம்பு.
குழாயின்மேல் படித்தேன்: அதில் வெள்ளி இருக்கிறதாம்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசாகிற வெள்ளி.
கால் இல்லாததற்கும்
சேலத்தில் கிடைத்துவிடுகிறது.
ஊசி மூன்று நாளைக்கு ஒருமுறை.
தழும்பு மறைய
"இன்னும் ரெண்டு மூணு சட்டை போகணும்."
எத்தனை மாதம் என்று கேட்டேன்.
அதைப் பாம்புதான் சொல்லணும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பன்னிரண்டாம் வளைவில் மூடுபனி.
மடியில் எடை ஒருமுறை இடம் மாறிப் படுத்தது.
கண்டக்டர் ஜன்னலை ஏற்றச் சொன்னார்.
எனக்கு முன்பே
என் கை ஏற்றிக்கொண்டிருந்தது.

இரவு விரித்தது வானிலைப் பக்கம்.
மலையில் மழைக்கு வாய்ப்பு என்ற வரியின்மேல்
தட்டுவடை ஊர்ந்து போனது.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
வரி காய்ந்திருந்தது.