மடிக்கு அளவு

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
இருபத்தொரு படி ஏறினால் வருகிற கடையில்
"பிள்ளைக்கா?" என்று கேட்டார் நிஸ்தார்.
எனக்கு என்றேன்.
மழைக்கோட்டிலிருந்து தண்ணீர்
அவருடைய சீமெந்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் பெரியதைத்தான் எடுத்துத் தந்தார்.
எல்லாரும் வாங்குவது அதுதானாம்,
கல்யாண ஹோல் முழுக்கக் கேட்குமாம்.
மடியில் வைத்தேன்.
வைத்தேன் என்பது பேச்சுக்கு.
அடுத்த வீட்டு அலுமாரியை
ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது.
விளிம்பு கக்கத்துக்குள் ஏறி
வலது தோளைக் காதுவரை தூக்கிவிட்டது.
கம்பியைத் தொடக் கையை எட்டிப் போட்டால்
முழங்கைக்குக் கீழே விறுவிறுக்கிறது.
குனிந்தால் விரல் தெரியவில்லை,
கிட்டாரின் வயிறுதான் தெரிகிறது.

"பழகப் பழகச் சரிவரும்."

என் தோளிடம் அதற்குக் கணக்கு இருக்கிறது.
கொழுந்துக் கூடையோடு ஏழு வருஷம்,
பிறகு பிள்ளைக்காம்பராவில் பதினொன்று.
பழகினேன்.
மழைக்கு முதல் நாளே தோள் சொல்லிவிடும்,
ரேடியோ பிறகுதான் சொல்லும்.

தூக்குவதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
இடுப்பில் ஏற்றியதும் கவிஷ்கா
தன் எலும்பையெல்லாம் மறந்துவிடுவாள்.
டிலுக்ஷன் அவளைவிட இரண்டு கிலோ குறைவு,
பலகை மாதிரி விறைத்துக்கொண்டு கனப்பான்.
தராசில் ஒரு பாரம், இடுப்பில் வேறொன்று.

மூலையில், தூசி பிடித்த மெலோடிக்காக்களுக்குப் பக்கத்தில்
இடை ஒடுங்கிய ஒன்று தொங்கியது.
"அது சின்னது மிஸ். சத்தம் பத்தாது.
ஆறு மாசத்துல மாத்த வருவீங்க."
எடுங்கள் என்றேன்.

அந்த ஒடுங்கிய இடை
என் தொடையில் இறங்கி உட்கார்ந்தது.
தோளை நான் இறக்கவில்லை,
அதுவாக இறங்கியது.
முழங்கை, போன இடத்தில் சும்மா கிடந்தது.
இடது கையின் கட்டைவிரல் பின்னாலே போய்
மறுபக்கம் எட்டிப் பார்த்தது.
வாசிக்கத் தெரியாது.
ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே
ஒரு தரம் தடவினேன்.
நெஞ்செலும்பில் லேசாக அதிர்ந்தது,
பூனை ஏறிப் படுத்தால் அதிருமே, அப்படி.

விலை, பெரியதைவிட மூவாயிரம் கூட.
"சின்னதுக்கா?"
"சின்னதுக்குத்தான்."
அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

லயத்து ஆள்,
பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா,
அதனால்தான் சின்னது கேட்கிறாள் என்று
அதுவரை நினைத்திருப்பார்.
சீட்டுக்காசை எண்ணி வைத்தேன்.
அவர் இரண்டு தரம் எண்ணினார்.

மஸ்கெலியா பஸ்ஸில்
"அக்கா, அத மேல போடுங்க" என்றான் கொண்டக்டர்.
கேட்காத மாதிரி இருந்தேன்.
நோர்வூட் தாண்டி வளைவில்
எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தோம்,
அதுவும் சாய்ந்தது,
என் தாடையில் இடித்துக்கொண்டு.

இரவு, கட்டிலில்.
ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும் என்று
கடைப் பெடியன் பில்லின் பின்னால் புள்ளி வைத்துத் தந்திருந்தான்.
வைத்தேன். இழுத்தேன்.
ஐந்து கம்பி ஏதோ சொன்னது,
மூன்றாவதுக்கு மட்டும் சளி.
சுவருக்கு அந்தப் பக்கம் ஞானசுந்தரி இருமினாள்.
கையைக் கம்பிகளின் மேல் பொத்தி நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.

"ஏன்டி நிப்பாட்டிட்ட?"
என்றது சுவர்.

விரல் நுனியில் கம்பி கீறிய பள்ளம் எரிந்தது.
தோள் எங்கே இருக்கிறது என்று
தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.
திரும்ப வைத்தேன்.
மூன்றாவதுக்கு இன்னும் சளி.