வீரபாண்டி பிரிவுக்கு முன்னால்

முதுகில் பனியன் சாம்பிள் பை.
ஐந்து மணிக்குள் அருள்புரம் டையிங்கில் கொடுக்கணும்.
எதிரே டிவைடர் வெட்டில்
மூக்கை நீட்டி நிற்கிறது ஒரு வெள்ளைக் கார்.

இண்டிகேட்டர் எரிகிறது.
எரியட்டும்.
பல்லடத்தில் போட்டதை அணைக்க மறந்து வருகிறவர்கள் உண்டு,
போடாமலே வீடு திரும்பிவிடுகிறவர்களும்.

முகத்தையும் நம்புவதில்லை.
போன ஐப்பசியில் ஒருவர் என்னை நேராகப் பார்த்தார்,
பார்த்துக்கொண்டே திருப்பினார்.
"உங்களப் பாக்கவே இல்லீங்க்கா" என்றார்,
என் முழங்காலைத் தாங்கிப் பிடித்தபடி.
பொய்யில்லை அது.
எனக்குப் பின்னால் வந்த லாரியைத்தான்
அவர் பார்த்திருக்கிறார்.

அதிலிருந்து நான் பார்ப்பது முன்சக்கரம்,
அதன் நட்டுகள்.
கால் பிரேக்கை விட்டதை
முதலில் சொல்வது அதுதான்.

ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துகிறேன்.
இரண்டு விரல் பிரேக்கின் மேல்,
கோழிக்குஞ்சைப் பிடிக்கிற அழுத்தம்.
சித்தே இடப்பக்கம் ஒதுங்கி மறுபடி நடுவுக்கு:
நேராக வரும் ஒற்றை விளக்கு
தூரத்துக் கடை பல்பு மாதிரி
அவர் கண்ணில் நின்றபடி நிற்கும்.
அசைந்தால்தான் அது வண்டி, அதன்மேல் நான்.

நட்டு சுற்றுகிறது.

என் டயருக்கு முன்னால்
இரண்டு ஆள் நீளத்தில் கடக்கிறது கார்.
பின்சீட்டில் ஒரு குழந்தை
கண்ணாடியில் நாக்கை ஒட்டிக்கொண்டு
என்னை முழுசாகப் பார்க்கிறது.
ஓட்டுகிறவர் பார்க்கவில்லை.

நான் நின்றதற்கு
பின்னாலிருந்து பஸ்காரர் ஹாரனில் திட்டுகிறார்.
திட்டட்டுங்க.

மணி நாலு ஐம்பத்திரண்டு.
பிரிவில் ஒரு டெம்போ,
இண்டிகேட்டரே இல்லாதது,
காரணமில்லாமல் வேகம் குறைக்கிறது.